அன்னாவுக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

சனிக்கிழமை காலையில் கட்சிக்காரர்களைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. வாரம் முழுக்கக் கோர்ட்டில் நின்ற கால் அன்றைக்குத்தான் வலிக்க ஆரம்பிக்கும். அது போதாதென்று மூன்று சாயங்காலம் சட்டக் கல்லூரியில் முதல் வருடத்துக்கு ஒப்பந்தச் சட்டம் எடுக்கிறேன். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும், இருவரும் மனதாரச் செய்ய வேண்டும், ஒன்றைக் கொடுத்தால் பதிலுக்கு ஒன்று கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைப்பதற்கு மறுபயன் என்று பெயர். இருபது வருடமாக இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் தேய்ந்தது. பின்வரிசை மாணவர்கள் இன்னும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

என் ஆபீஸ் பிரேசர் டவுனில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே. படி செங்குத்து. வயதான கட்சிக்காரர்கள் ஏறி வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பாதிக் கோபம் அடங்கிவிடும் என்பதால் நான் இடத்தை மாற்றவில்லை. பெயர்ப்பலகையில் வேதநாயகி, வழக்கறிஞர், நோட்டரி என்று இருக்கிறது. நோட்டரி என்ற சொல்லைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் எழுதாத மனிதர் கிடையாது. முத்திரைத் தாள், இரண்டு சாட்சி, ஒரு சீல், ஆய்த்து, வேலை முடிந்தது. அதனால் முத்திரைத் தாளில் எதை எழுதினாலும் அது சட்டம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தாளுக்கு இருக்கிற மரியாதையில் பாதியை அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குக் கொடுத்தால் எனக்கு வேலையே இருக்காது.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் அண்ணனும் தங்கையும். மர்பி டவுன். அண்ணன் கிளெமென்ட், ஒரு மருந்துக் கம்பெனி கிடங்கில் சூப்பர்வைசர், ஐம்பது வயதிருக்கும். தங்கை அன்னா பள்ளிக்கூட ஆசிரியை, நாற்பத்தைந்தைத் தொட்டவள். சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. படியில் அவள் தடுமாறியபோது அவர்தான் கையைப் பிடித்தார். சண்டை இல்லாமல் வருகிற உடன்பிறப்புகளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். எல்லாவற்றையும் தாங்களே பேசி முடித்து, தப்பையும் தாங்களே செய்து முடித்து, கையெழுத்துக்கு மட்டும் வருவார்கள்.

“ஒரு ரிலீஸ் எழுதணும் மேடம்” என்றார் கிளெமென்ட். “விடுதலைப் பத்திரம்.”

“யாரு யாரை விடறீங்க?”

“நான் இவள விடறேன். இவ வீட்ட விடறா.”

அன்னா பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு முத்திரைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். முதல் பத்தியிலேயே சிரிப்பு வந்தது. வாடகை ஒப்பந்தத்தை அப்படியே எடுத்து, பெயர்களை மாற்றி அடித்திருந்தார்கள். கிளெமென்ட் வீட்டு உரிமையாளர், அன்னா குடியிருப்பவர். பதினொரு மாதம் என்று இருந்த இடத்தில் ‘வாழ்நாள் முழுவதும்’. உள்வாடகைக்கு விடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்ற நிபந்தனைகள் கூட அப்படியே இருந்தன. நடுவில் மட்டும் இரண்டு பத்திகள் புதிது.

‘குடியிருப்பவர் தாயார் திருமதி சோஃபியா அவர்களைக் கடைசிவரை கவனித்துக்கொள்வார். குடியிருப்பவர் திருமணம் செய்துகொள்ள மாட்டார். உரிமையாளர் வீட்டை விற்கவோ தன் பங்கைக் கேட்கவோ மாட்டார்.’

சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

“இத யாரு எழுதினது?”

“எங்க சித்தப்பா. ஒரு புரோக்கர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தாரு. இப்ப இல்ல” என்றார் கிளெமென்ட். “டாடி போயி ஒரு வருஷத்துல மம்மிக்கு ஸ்ட்ரோக். எனக்கு ஒண்ணாங்கிளாஸ் போற பையன். என் சம்சாரம் பெட்டிக்கும் மம்மிக்கும் ஒத்துப் போகாது. இவளுக்கு அப்ப இருபத்தெட்டு, வரன் பார்த்துட்டிருந்தோம். இவ கட்டிட்டுப் போயிட்டா மம்மிய யாரு பார்க்கறது? சித்தப்பாதான் சொன்னாரு, வாயால பேசினா நாளைக்கு மாறும், எழுதிடுங்கன்னு. மம்மி கட்டில்கிட்ட பைபிள் மேல கைய வெச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.”

“யாரும் கட்டாயப்படுத்தல மேடம்” என்றாள் அன்னா. அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். வகுப்பில் வாசித்துக் காட்டுகிற குரல், தெளிவாக, சோர்வாக.

பிறகு மீதியைச் சொன்னார்கள். அம்மா பதினைந்து வருடம் படுக்கையில் இருந்து, போன வருடம் போய்ச் சேர்ந்தார். இப்போது அன்னாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மைக்கேல்ராஜ், லிஃப்ட் மெக்கானிக், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. அன்னாவுக்கும் இஷ்டம். நாளைக் காலைப் பூசையில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பாராம். தடை என்றதும் இவர்களுக்கு இந்தத் தாள் ஞாபகம் வந்துவிட்டது. சாமியாரிடம் கொண்டு போனார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பேசித் தீர்த்ததன் முடிவுதான் இது. அவள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அண்ணன் விடுவார். அதற்குப் பதிலாக அவள், அப்பா அம்மா விட்டுப்போன மர்பி டவுன் வீட்டில் தன் பாதியை அவருக்கு விட்டுவிடுவாள்.

“நான் தடையா நிக்கல மேடம்” என்றார் கிளெமென்ட். “ஆனா எழுதினது எழுதினதுதானே. நான் என் வாக்குல நின்னேன். பில்டர் வந்து வாசல்ல நின்னான். பையனுக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைச்ச வருஷம் அது. வித்திருந்தா அவன் படிச்சிருப்பான். இவகிட்ட வாயே திறக்கல. பையன டிப்ளமோல போட்டேன். லிங்கராஜபுரத்துல இன்னிக்கும் வாடகை வீடு. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லாம போச்சுன்னா எப்படி?”

“அண்ணே சொல்றது நியாயம்தான் மேடம்” என்றாள் அன்னா. “நான்தான் வாக்க மாத்தறேன். அதுக்கு நான்தான் குடுக்கணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. செத்துப்போன அந்தச் சித்தப்பா மேல் என்று வைத்துக்கொள்ளலாம். வயது வந்த ஒருவரின் திருமணத்தைத் தடுக்கிற ஒப்பந்தம் எதுவும் செல்லாது. சட்டத்தில் ஒரே வரி. பெரிய வியாக்கியானம் தேவையில்லாத, முதல் வருடத்துப் பையனும் தேர்வில் எழுதிவிடுகிற வரி. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இவள் நெய்க்குப் பாதி வீட்டைக் கொடுக்க வந்திருக்கிறாள்.

ஆனால் அந்த வரியை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்லாது என்றால் இன்றைக்குச் செல்லாது என்று அர்த்தம் இல்லை. எழுதிய அன்றே செல்லாது. பிறக்கவே இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தடையும் வந்ததில்லை. எதிரே இருந்தவளின் காதோரம் நரைத்திருந்தது. அம்மாவைத் தூக்கித் தூக்கியோ என்னவோ, ஒரு தோள் இறங்கியிருந்தது. உன்னை எதுவும் கட்டவில்லை அம்மா, பதினாறு வருடமாகவே கட்டவில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

வேறு வழி ஒன்று தேடினேன். பொய் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் வளைத்த வழி.

“இங்க பாருங்க” என்றேன். “இந்த ஒப்பந்தம் எதுக்கு? அம்மாவப் பார்த்துக்க. அம்மா போயிட்டாங்க. வேலை முடிஞ்சா ஒப்பந்தமும் முடிஞ்சது. யாரும் யாரையும் விட வேண்டியதில்ல. சாமியார்கிட்ட நானே போன்ல சொல்லிடறேன். வீடு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. போயி கல்யாண வேலையப் பாருங்க.”

அன்னாவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. கிளெமென்ட் விடவில்லை. கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கிறவர், ஒரு பெட்டி குறைந்தாலும் கேட்டுப் பழகியவர்.

“வாழ்நாள் முழுவதும்னு போட்டிருக்கே மேடம். சரி, மம்மியோட முடிஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். அதுவரைக்கும் இது நல்ல ஒப்பந்தம்தானே? செல்லுபடியான ஒப்பந்தம். நானும் நடத்தினேன், இவளும் நடத்தினா. அப்ப இதுக்காக நான் இழந்தது? வித்திருந்தா வந்திருக்கும்ல, அந்தக் கணக்கு? வாடகையில்லாம இவ இருந்தா, நான் வெளியில வாடகை கட்டினேன். அது இவ எனக்குக் குடுக்கணும்தானே?”

“குடுக்கணும்தான்” என்றாள் அன்னா. நான் வாயைத் திறப்பதற்குள். “அதனாலதான் மேடம், என் பாதிய எழுதிடுங்க. நாளைக்குள்ள முடியணும்.”

நான் வளைத்த வழி இவ்வளவு தூரம்தான் வந்தது. ஒப்பந்தம் ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்தது என்று நான் ஒப்புக்கொண்டாலும், அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு இவள் வீட்டைக் கொடுத்துவிடுவாள். கேட்பவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவளுக்கும் தயக்கமில்லை. இருவரும் மனதாரச் செய்கிறார்கள். நாளைக்கு மைக்கேல்ராஜின் வாடகை வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் இவளுக்குப் போக இடம் இருக்காது. உண்மையைச் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

“கிளெமென்ட், நீங்க இவங்கள விடறேன்னு சொல்றீங்க. எதுலேர்ந்து?”

“இதுலேர்ந்துதான்.”

“இதுல இவங்க இல்ல. கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு எழுதின ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அரசாங்க முத்திரை போட்டாலும் செல்லாது, பத்து சாட்சி நின்னாலும் செல்லாது. பிடிச்சே வெக்காத ஆளை விட முடியாது. நீங்க குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாதப்ப இவங்ககிட்ட வீட்ட வாங்க முடியாது. அப்படி வாங்கினா அதுவும் நிக்காது.”

“இப்ப செல்லாதா?”

“எப்பவுமே.”

“சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டாரே.”

“யார் போட்டாலும்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்காக உருதுவில் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அன்னா தாளைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துப் போட்ட இடத்தைப் பார்த்தாள். அவளுடைய பழைய கையெழுத்து, உருண்டையாக, அடியில் ஒரு கோடு.

“மொதல் நாள்லேர்ந்தேவா மேடம்?”

“ஆமாம்மா.”

“கையெழுத்துப் போட்ட மறுநாளே நான் கல்யாணம் பண்ணியிருந்தா?”

“பண்ணியிருக்கலாம். யாரும் ஒண்ணும் கேட்டிருக்க முடியாது.”

அவள் தலையை ஆட்டினாள். வகுப்பில் புரியாத பிள்ளை புரிந்த மாதிரி ஆட்டுமே, அப்படி. கிளெமென்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நானும் வித்திருக்கலாமா?”

“உங்க பங்கக் கேட்டிருக்கலாம். இந்தத் தாளு உங்களத் தடுக்கல.”

“பையன இன்ஜினியரிங்ல போட்டிருக்கலாம்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். வீட்டை வாங்க வந்த மனிதர் என்று அதுவரை நான் அவரைக் கொஞ்சம் வெறுத்திருந்தேன். அது குறைந்துவிட்டது. இரண்டு பேரும் இல்லாத கயிற்றுக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்டு இத்தனை வருடம் அசையாமல் நின்றிருக்கிறார்கள். ஏமாற்றுக்காரர்களைப் பார்த்து அலுத்த எனக்கு, வாக்குத் தவறாதவர்களைப் பார்ப்பது அதைவிட அலுப்பாக இருந்தது.

கிளெமென்ட்தான் முதலில் தேறினார். நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அன்னா, ஒரு விதத்துல நல்லதுதாம்மா. பேப்பருக்காக நீ செய்யலன்னு ஆகுதுல்ல. கடமைக்குன்னு பார்க்கல. மம்மிய நீ பாசத்துல பார்த்த. அவ்வளவும் உன் மனசால செஞ்சது. ஆண்டவருக்கு அது தெரியும்.”

நல்ல வார்த்தை. நானே அதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

“அப்படிச் சொல்லாத அண்ணே” என்றாள் அன்னா. குரல் உயரவில்லை. “பாசம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. ஆனா பாசத்துல மட்டும் பதினஞ்சு வருஷம் பார்க்க முடியாது. மூணாவது வருஷமே எனக்கு முடியல. படுக்கைப் புண்ணு, அந்த வாடை, ராத்திரி பூரா மம்மி என் பேரக் கூப்பிடுவாங்க. எத்தன வாட்டி பைய எடுத்து துணிய அடுக்கியிருக்கேன் தெரியுமா? அப்புறம் கையெழுத்துப் போட்டோமேன்னு திரும்ப எடுத்து வைப்பேன். கட்டியிருக்குன்னு நெனச்சதாலதான் இருந்தேன். இல்லன்னா போயிருப்பேன். என்ன நல்லவளாக்காத.”

நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், ரிலீஸ் எழுதுங்க.”

“அம்மா, இவ்வளவு நேரம் நான் என்ன சொன்னேன்?”

“புரிஞ்சுது. வீடு பாதிப் பாதிதான், நான் விடல. பின்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து வித்துக்கறோம், அண்ணே பாதி அண்ணேக்கு. ஆனா இது மட்டும் எழுதணும். இந்த ஒப்பந்தத்துலேர்ந்து அன்னாவ விடறேன்னு. அண்ணே கையெழுத்துப் போடணும்.”

“எதுக்கு? இல்லாததுலேர்ந்து எப்படி விடறது?”

“இருக்கற மாதிரி எழுதுங்க.”

எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இத்தனை சொல்லியும் இவளுக்கும் தாள்தான் வேண்டும். “சாமியாருக்குன்னா என் லெட்டர் ஹெட்ல ரெண்டு வரி தர்றேன். செல்லாதுன்னு. அது போதும்.”

“செல்லாதுன்னு எழுதாதீங்க மேடம்” என்றாள். “அண்ணே, கீழ கோஆபரேட்டிவ் சொசைட்டியில ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வர்றியா? உன் பேரு, என் பேரு போட்டு.”

கிளெமென்ட் என்னைப் பார்த்தார். பிறகு ஏன் என்று கேட்காமல் எழுந்து போனார். அன்று அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

செருப்புச் சத்தம் கீழே இறங்கும்வரை அன்னா காத்திருந்தாள்.

“மைக்கேல்ராஜ் கீழ டீக்கடையில இருக்காரு. அண்ணே இருக்கறப்ப மேல வர வேணாம்னு சொன்னேன்.”

“சரி.”

“அவரு இப்ப புதுசாக் கேக்கல மேடம். அப்பவே கேட்டாரு. கையெழுத்துப் போட்ட ரெண்டாவது மாசம். எங்க ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு பில்டிங்ல லிஃப்ட் மாட்டிட்டிருந்தாரு. அண்ணேக்குக் கூடத் தெரியாது. நான் இந்தப் பேப்பரக் கொண்டு போயி காமிச்சேன். அவரு மொத்தமும் படிச்சாரு, ஆணி அடிக்கக்கூடாதுங்கறது வரைக்கும். படிச்சுட்டு, கையெழுத்துப் போட்டாச்சுன்னா போட்டாச்சுதான், நான் குறுக்க வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நல்லவரு. ஒரு வார்த்தை கூடப் பேசல. ரெண்டு வருஷம் கழிச்சு வேற இடத்துல கட்டினாரு. அந்தம்மா கொரோனாவுல போயிட்டாங்க. பொண்ணு ஸ்னேஹாவுக்குப் பன்னெண்டு வயசு.”

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

“இது மொதல்லேர்ந்தே ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சா, அவரு என்ன பண்ணுவாரு மேடம்? அன்னிக்கு ஒரு தடவ யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமேன்னு நெனைப்பாரு. அப்புறம் அப்படி நெனைச்சதுக்கே அந்தம்மா போட்டோவப் பார்த்துத் தலை குனிவாரு. பொண்ணு முகத்தப் பார்ப்பாரு. நடந்துருந்தா அந்தப் பொண்ணே இல்லியே. எனக்குத் தெரிஞ்சாச்சு, நான் வெச்சுக்கறேன். அவருக்கு வேணாம். இன்னிக்கு வரைக்கும் அது கெட்டியா இருந்துச்சு, இன்னிக்கு அண்ணே விட்டாரு, நான் வந்தேன். அப்படியே இருக்கட்டும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தாளுக்கு அலைகிறாள் என்று ஒரு நிமிடம் முன்னால்தான் அவள் மேல் சலித்துக்கொண்டேன்.

கணினியைத் திறந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு பத்திரத்தை நான் அடித்ததில்லை. ஒரு காசு பெறாத பத்திரம். ‘மேற்படி ஒப்பந்தத்தின்படி கட்டுப்பட்டிருந்த அன்னா அவர்களை, தாயார் பொருட்டு அவர் தம் கடமையைக் குறைவறச் செய்து முடித்தமையால், இன்று முதல் முழு மனதுடன் விடுவிக்கிறேன்.’ மறுபயன் என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. பதிலுக்கு எதுவும் கிடைக்காத இடம். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். ஒரு மாணவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

கிளெமென்ட் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. “சர்வர் டவுனாம். அந்தாளு ஊட்டா டைம், சாப்பிடப் போறேன்னு எந்திரிச்சுட்டான். கெஞ்சி உக்கார வெச்சேன்” என்றார். சட்டை தோளில் நனைந்திருந்தது, வெளியே தூறல். தாளில் இரண்டு பெயர்களும் சரியாக இருந்தன. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ‘குறைவறச் செய்து முடித்தமையால்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார் என்று நினைக்கிறேன்.

“இதுக்கு அர்த்தம் உண்டா மேடம்?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“சட்டத்துலயா? இல்ல.”

உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, “நாளைக்குக் காலையில பெட்டியையும் கூட்டிட்டு வர்றேன். முன் பெஞ்சுல எடம் போடு” என்றார் தங்கையிடம். அவள் சரி என்றாள். அவர் கிளம்பிப் போனார். படியில் மிக மெதுவாக இறங்கினார்.

அன்னா போன் செய்ததும் மைக்கேல்ராஜ் மேலே வந்தார். நெட்டையான மனிதர், நரைத்த மீசை, நகக்கண்ணில் கிரீஸ். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். வணக்கம் சொன்னார். அன்னா பத்திரத்தை நீட்டினாள். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உட்காராமலேயே கடைசிவரை படித்தார். இவர்தான் அன்றைக்கு ஆணி வரை படித்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

“முறையா முடிச்சிட்டீங்க மேடம். ரொம்ப நன்றி” என்றார். போவார் என்று பார்த்தேன். போகவில்லை. அன்னாவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க. பழைய பேப்பர நான் அப்பவே பார்த்திருக்கேன். எனக்குப் படிப்பு கம்மி. யார்கிட்டயும் கேக்கத் தோணல. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, என் சம்சாரம் தங்கமானவ. ஆனா அப்பப்ப ஒரு நெனப்பு வரும். அன்னிக்கே உங்கள மாதிரி ஒரு வக்கீல்கிட்ட இவங்களக் கூட்டிட்டு வந்திருந்தா, ஏதாச்சும் வழி இருந்திருக்குமா?”

அன்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னைக் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இல்லைங்க” என்றேன். “ரொம்ப கெட்டியான ஒப்பந்தம் அது. எந்த வக்கீல்கிட்ட போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அவங்க அண்ணன் விட்டாத்தான் உண்டு.”

“அப்படியா?”

“நான் இதத்தான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன்.”

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எவ்வளவு காலமாக அதை உள்ளே வைத்திருந்தாரோ. “அப்ப சரி மேடம்” என்றார். “நான் கேக்காம விட்டதால இல்ல.”

“இல்லைங்க.”

அன்னா அவர் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மழை பெரிதாவதற்குள் போய்விடலாம் என்றாள்.